உறைக்குள் மாட்டிக்கொள்ளும் ஓட்டு

அமெரிக்காவில் தபால் ஓட்டு என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஸ்டேட்ல காரணம் சொல்லணுமா, சும்மாவே தருவாங்களா?" மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணைகளும் இந்தக் கேள்வியை வைத்தே நிறம் பிரிக்கின்றன. காரணம் கேட்காத கலிபோர்னியா ஒரு நிறம், காரணம் கேட்கும் டெக்சாஸ், அலபாமா இன்னொரு நிறம். என் கணக்கில் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இது: நீங்கள் அனுப்பிய உறையில் ஏதோ ஒன்று விட்டுப்போனால் அதை உங்களுக்கு யாராவது சொல்வார்களா? சொன்னால், திருத்த எத்தனை நாள்? இதற்கான பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மாறுகிறது. ஓட்டு எண்ணப்படுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான்.

நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம், ஒரே படிவம் 6 என்று பழகியவர்களுக்கு இது குழப்பும். அமெரிக்காவில் நாடு தழுவிய வாக்காளர் பட்டியலே கிடையாது. தேர்தலை எங்கே, எப்படி நடத்துவது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது அரசியல் சட்டம். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், வேண்டுமானால் மாற்றலாம் என்று ஒரு வரி உண்டு. அதைக் காங்கிரஸ் சிக்கனமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறது. கீழே சொல்லும் விதிகள் 2024 பொதுத்தேர்தலில் இருந்தபடி. இவை நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், உறையை ஒட்டுமுன் உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெக்சாஸ்: மடலுக்கு அடியில் ஒரு கட்டம்

டெக்சாஸில் தபால் ஓட்டு எல்லோருக்கும் இல்லை. 65 வயது நிரம்பியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் அல்லது மாற்றுத்திறனாளிகள், முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் முழுவதும் தேர்தல் நாளிலும் கவுண்டியை விட்டு வெளியே இருப்பவர்கள், தேர்தலுக்கு முன்போ பின்போ மூன்று வாரத்துக்குள் பிரசவம் எதிர்பார்ப்பவர்கள், வாக்குரிமை இழக்காமல் சிறையில் இருப்பவர்கள், இப்படி ஒரு குறுகிய பட்டியல்தான். வேலைக்கு லீவு கிடைக்காது என்பது காரணம் ஆகாது. விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் பயனில்லை. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால், கையெழுத்திட்ட அசல் தாள் நான்கு வேலை நாளுக்குள் பின்னாலேயே போக வேண்டும். 65 தாண்டியவர்கள் ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே விண்ணப்பம் கொடுக்கலாம், ஆனால் ஜனவரி பிறந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். போன வருஷம் வந்ததே, இந்த வருஷமும் தானாக வரும் என்று பெரியவர்கள் காத்திருந்து ஏமாறுவது இதனால்தான்.

இதெல்லாம் கண்டிப்பான விதிகள், ஆனாலும் புரிந்துகொள்ளக்கூடியவை. என்னை உறுத்துவது 2021இல் வந்த எஸ்பி 1 என்ற சட்டம் சேர்த்த ஒரு சின்னக் கட்டம். அன்றிலிருந்து விண்ணப்பத்திலும் திருப்பி அனுப்பும் வெளி உறையிலும் வாக்காளர் தன் டிரைவிங் லைசென்ஸ் எண்ணையோ, அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும். எழுதிய எண் வாக்காளர் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் பதிவு செய்தபோது எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? லட்சக்கணக்கானவர்களின் பதிவில் இரண்டில் ஒரு எண்தான் இருந்தது. ஒருவர் லைசென்ஸ் எண்ணை ஒழுங்காக எழுதியிருப்பார், அலுவலகத்தில் இருப்பதோ சோஷியல் செக்யூரிட்டி எண் மட்டும். அவர் எழுதியதில் தப்பில்லை, ஆனாலும் பொருந்தவில்லை.

அதைவிடக் கொடுமை, அந்தக் கட்டம் இருந்த இடம். வெளி உறையின் மடலை, அதாவது மடித்து ஒட்டும் பகுதியை, தூக்கினால் அதற்கு அடியில் இருந்தது. எண் வெளியே தெரியக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அங்கே வைத்தார்கள். உறையின் முதுகில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடலை நக்கி ஒட்டுகிற பழக்கம் உள்ள எழுபது வயதுக்காரர் அதைப் பார்க்கவே மாட்டார். 2022 மார்ச்சில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் மாநிலம் முழுவதும் திரும்பி வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம், எண்ணிக்கையில் 24,000க்கு மேல், நிராகரிக்கப்பட்டன. 2020 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 0.8 சதவீதம். டெக்சாஸில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் 65 தாண்டியவர்கள், பல தேர்தல்களாக இப்படியே போட்டு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தபால் ஓட்டு பற்றிய என் கருத்து திரும்பியது இந்த இடத்தில்தான். அந்த 24,000 பேரில் பெரும்பாலோர் காரணம் காட்டியவர்கள், தகுதி உள்ளவர்கள், நாள் தவறாதவர்கள். இத்தனைக்கும் அதே சட்டம் பிழையைத் திருத்த வழியும் வைத்திருந்தது. அலுவலகம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வாக்காளர் நேரில் போயோ மாநில இணையதளத்தில் நுழைந்தோ தேர்தல் முடிந்த ஆறாம் நாளுக்குள் சரிசெய்யலாம். அந்த இணையதளத்தில் நுழைய லைசென்ஸ் எண், சோஷியல் செக்யூரிட்டி எண் இரண்டும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள். ஒரு எண் இல்லை என்பதற்காகத் தள்ளப்பட்டவர், அதே எண் இல்லாததால் திருத்தும் பக்கத்துக்குள்ளும் போக முடியவில்லை! நவம்பருக்குள் உறையின் வடிவமைப்பிலும் விளக்கத்திலும் கை வைத்தார்கள், கவுண்டிகள் வீடு வீடாகக் கூப்பிட்டன. நிராகரிப்பு மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. விதி மாறவில்லை, விதியைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியது. அவ்வளவுக்கு அது பெரிய விஷயம்.

ஆகவே டெக்சாஸ்வாசிகள் செய்ய வேண்டியது: விண்ணப்பத்திலும் உறையிலும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒன்று போதும் என்று படிவம் சொன்னாலும் இரண்டையும் எழுதுங்கள், எது பதிவேட்டில் இருக்கிறதோ அது பொருந்திக்கொள்ளும். பேனாவால் எழுதி, மடலை ஒட்டுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். சாதாரணத் தபாலில் அனுப்பினால் தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் முத்திரை விழுந்து, மறுநாள் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தபாலை நம்பாமல் நேரில் ஓட்டுப் போடலாம் என்று மனம் மாறினால், வந்த தபால் வாக்குச்சீட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்படையுங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போனால், தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணும் தற்காலிக வாக்குச்சீட்டுத்தான் கையில் வரும்.

பென்சில்வேனியா: 67 கவுண்டி, 67 விதம்

காரணம் கேட்காத மாநிலம் என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் பென்சில்வேனியாவைப் பார்க்கலாம். 2019இல் வந்த சட்டம் 77 யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்றது. ஆனால் உறை இரண்டு. வாக்குச்சீட்டு முதலில் ரகசிய உறைக்குள் போக வேண்டும், அந்த உறை வெளி உறைக்குள் போக வேண்டும், வெளி உறையில் கையெழுத்தும் கையால் எழுதிய தேதியும் வேண்டும். உள் உறையை விட்டுவிட்டு அனுப்பினால் அதை அங்கே 'நிர்வாண ஓட்டு' என்கிறார்கள். அதை எண்ணக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

தேதி விவகாரம் இன்னும் வேடிக்கை. ஓட்டு எப்போது வந்தது என்பதைக் கவுண்டி அலுவலகம் தானே முத்திரை குத்திப் பதிவு செய்கிறது. வாக்காளர் எழுதும் தேதியை வைத்து யாரும் எதையும் கணக்கிடுவதில்லை. ஆனாலும் தேதி இல்லாததற்கும், பழக்கதோஷத்தில் பிறந்த தேதியை எழுதியதற்கும் ஆயிரக்கணக்கான ஓட்டுகள் தள்ளப்பட்டிருக்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே தனிப் பள்ளம் ஒன்று உண்டு: நவம்பர் 5 என்பதை நாம் கை போன போக்கில் 5/11 என்று எழுதுவோம், அங்கே அது மே 11. மாதம் முதலில், நாள் அடுத்து. இந்தத் தேதிக்காக ஓட்டைத் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2025 ஆகஸ்டில் ஃபெடரல் (மத்திய அரசின்) மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு எந்தப் பக்கம் போனாலும் சரி, தேதியைப் போட்டுவிடுங்கள்.

அங்கே மாநிலம் முழுவதற்கும் பொதுவான திருத்தும் முறை கிடையாது. ஒரு கவுண்டி உறையைப் பார்த்தவுடன் கூப்பிட்டுச் சொல்லி, வந்து கையெழுத்துப் போட விடும். பக்கத்துக் கவுண்டி மூச்சு விடாது. ஒரே ஊரிலிருந்து பத்து மைல் தள்ளிக் குடிபோன தம்பியின் ஓட்டு பிழைக்கும், அண்ணன் ஓட்டு சாகும். ஆறுதலான செய்தி, 2024 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு: ரகசிய உறை இல்லாமல் தபால் ஓட்டு தள்ளப்பட்டவர், தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குப் போய்த் தற்காலிக வாக்குச்சீட்டில் போட்டால் அதை எண்ண வேண்டும். தன் ஓட்டு தள்ளப்பட்டது என்று அவருக்குத் தெரிந்தால்தான் போவார் என்பது வேறு கதை. அதனால் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் கொடுத்து, ஓட்டின் நிலையை இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சாட்சி கேட்கும் மாநிலங்களில் தவறும் இடம் வேறு. விஸ்கான்சினில் ஒரு சாட்சி போதும்; அவர் குடியுரிமை உள்ள வயதுவந்தவராக இருக்க வேண்டும், கையெழுத்தோடு முழு முகவரியும் எழுத வேண்டும். வீட்டில் கிரீன் கார்டில் இருக்கும் மனைவியோ, விசாவில் வந்து தங்கியிருக்கும் மாமனாரோ சாட்சி போட்டால் செல்லாது. வட கரோலினாவில் இரண்டு சாட்சி அல்லது ஒரு நோட்டரி, கூடவே அடையாள அட்டையின் நகல். அலபாமாவிலும் இரண்டு சாட்சி அல்லது நோட்டரிதான், ஆனால் தபாலில் அனுப்பியது தேர்தல் நாள் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். மாலைவரை நேரம் இருக்கிறது என்று நினைத்தால் போச்சு.

இந்தப் பக்கம் கொலராடோவை வையுங்கள். அங்கே பதிவு செய்த எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். சாட்சி இல்லை, எண் இல்லை, கையெழுத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் இரு கட்சி அலுவலர்களும் பார்க்கிறார்கள், அப்போதும் பொருந்தாவிட்டால் கடிதம் வரும், தேர்தல் முடிந்து எட்டு நாள் அவகாசம். கைபேசியில் 28683 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அடையாள அட்டையைப் படம் பிடித்து ஏற்றி அங்கேயே சரிசெய்யலாம். கையெழுத்து ஒப்பீட்டில் நம்மவர்கள் மாட்டுவதற்குக் காரணம், ஒப்பிட எடுத்துக்கொள்ளும் மாதிரி பெரும்பாலும் லைசென்ஸ் அலுவலகத்தில் மின்பலகையில் கிறுக்கியது. தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் தாராளமாகப் போடலாம், ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும்.

முதல் கதவு: பெயர், முகவரி, நாள்

தபால் ஓட்டுக்கு முன்னால் பதிவு இருக்கிறது. 2002இல் வந்த ஃபெடரல் சட்டப்படி, பதிவுப் படிவத்தில் தரும் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி இலக்கங்களையோ அரசுப் பதிவேடுகளோடு சரிபார்க்க வேண்டும். எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்று ஜார்ஜியா கண்டிப்பாக நடந்துகொண்டதில், 2018இல் சுமார் 53,000 பதிவுகள் நிலுவையில் கிடந்தன. தமிழ்ப் பெயருக்கு இது எப்படிப்பட்ட சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை. எம். செல்வம் என்பவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், விசாவில் செல்வம் குடும்பப்பெயர் ஆகிவிடும், முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முன்பெயர் தெரியாது) என்று விழும். லைசென்ஸில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டியில் ஒரு மாதிரி, சிட்டிசன்ஷிப் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. வரிசை மாறாமல் சரிசெய்தால் தலைவலி குறையும்: குடியுரிமை கிடைத்தவுடன் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அடுத்து லைசென்ஸ், கடைசியில்தான் வாக்காளர் பதிவு. பதவிப்பிரமாணம் எடுக்கும் மண்டபத்து வாசலிலேயே படிவத்தை நீட்டுவார்கள். நிரப்பலாம், தப்பில்லை, ஆனால் லைசென்ஸில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள், பின்னால் மாற்றினால் இங்கேயும் மாற்றுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1993இல் வந்த சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. ஓரிகன்தான் 2016இல் தானியங்கிப் பதிவைத் தொடங்கிய முதல் மாநிலம். அங்கேயே 2024இல் ஒரு குளறுபடி வெளியே வந்தது: குடியுரிமைக்குச் சான்று காட்டாத 1,200க்கும் மேற்பட்டவர்களை லைசென்ஸ் துறை வாக்காளர்களாக அனுப்பிவிட்டிருந்தது. சிலரின் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை அமெரிக்கப் பாஸ்போர்ட் என்று ஊழியர்கள் பதிந்ததும் அதில் அடக்கம். தப்பு அலுவலகத்தின் மேல் இருந்தாலும், அடி வாங்குவது கிரீன் கார்டுக்காரர்தான். குடியுரிமை விண்ணப்பத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா" என்ற கேள்வி இருக்கிறது. ஓட்டுப் போட்டிருந்தால் நாடுகடத்தும் அளவுக்குப் போகும். கவுண்டரில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டே போகாதீர்கள். கேட்காமலே வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் குப்பையில் போடாமல், பெயரை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பதிலையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

நாள் கணக்கில் மாநிலங்கள் தாறுமாறு. டெக்சாஸில் 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். அதுவும், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தவிர, இணையத்தில் முடியாது, தாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மினசோட்டாவில் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலேயே பதியலாம்; முகவரிச் சான்று இல்லையென்றால் அதே வட்டாரத்தில் பதிவான ஒருவர் உறுதிமொழி தரலாம், ஒருவர் எட்டுப் பேர் வரைக்கும். வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போட வேண்டியதுதான். ஓரிகனின் கதையில் நம் நாட்டு ஆள் ஒருவர் வருகிறார்: அங்கே ஒரு காலத்தில் தேர்தல் நாள்வரை பதிவு செய்ய முடிந்தது. 1984இல் ரஜ்னீஷின் ஆசிரமத்தார் வாஸ்கோ கவுண்டித் தேர்தலைப் பிடிக்க, வீடற்றவர்களைப் பேருந்துகளில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 1986இல் மக்கள் வாக்கெடுப்பில் அரசியல் சட்டத்தையே திருத்திக் கதவை மூன்று வாரம் முன்னதாகச் சாத்தினார்கள். தாராளத்துக்குப் பேர்போன ஓரிகனில் இன்றும் அந்தக் கெடு நீடிக்கிறது.

வேலை மாறி அக்டோபரில் வேறு மாநிலம் போகிறவர்கள் இரண்டு பக்கமும் ஓட்டு போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். போகவில்லை. 1970இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்த்த பிரிவு ஒன்று இருக்கிறது: தேர்தலுக்கு முந்தைய 30 நாளுக்குள் குடிமாறி, புது மாநிலத்தில் பதிய முடியாமல் போனவர், அதிபர், துணை அதிபர் தேர்தலுக்கு மட்டும் பழைய மாநிலத்திலேயே நேரிலோ தபாலிலோ வாக்களிக்கலாம். நியூஜெர்சியிலிருந்து அக்டோபர் 20ஆம் தேதி டாலஸ் போனவருக்கு இது உதவும். பழைய கவுண்டி எழுத்தரிடம் இந்தப் பிரிவைச் சொல்லியே கேளுங்கள், ஏனென்றால் அலுவலர்களிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மினசோட்டாவுக்குப் போனவர் இதைத் தேடவே வேண்டாம், அங்கே தேர்தல் நாள்வரை பதியலாம். 20 நாள் குடியிருந்திருந்தால் போதும்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோர் குடியுரிமை வாங்கியிருந்தால், வாக்குச்சீட்டைப் படித்துச் சொல்ல மகனோ மகளோ கூட இருக்கலாம். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு, முதலாளியும் தொழிற்சங்கத்தின் ஆளும் தவிர யாரை வேண்டுமானாலும் துணைக்கு வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. தபால் உறையில் 'உதவியவர்' என்ற இடத்தில் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டுவிடுங்கள். டெக்சாஸில் இதை விட்டால் வழக்காகும்.

சென்னையில் இருந்துகொண்டு

இந்தியக் குடிமகன் துபாயில் இருந்தால் ஓட்டுப் போட ஊருக்குத்தான் வர வேண்டும். அமெரிக்கக் குடிமகன் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து மயிலாப்பூரில் இரண்டு வருஷம் தங்கினாலும், கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில் ஓட்டு உண்டு. பதிவுக்கும் வாக்குச்சீட்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் எஃப்பிசிஏ என்ற ஃபெடரல் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புதிதாக அனுப்பிவிடுங்கள். தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது. மின்னஞ்சலில் கேட்டால் மின்னஞ்சலில் வரும். படிவத்தில் "திரும்பி வருவேன்", "திரும்புவது நிச்சயமில்லை" என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் பல மாநிலங்கள் ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் சீட்டு அனுப்பும். மாநில வருமான வரி பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதை யோசித்து டிக் செய்யுங்கள், ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் வாக்களிப்பதால் வரி வராது.

சீட்டு வருவது சுலபம், திருப்பி அனுப்புவதுதான் பாடு. கலிபோர்னியா வெளிநாட்டு வாக்காளரிடமிருந்து ஃபேக்ஸில் ஏற்கும், மின்னஞ்சலில் ஏற்காது. உறுதிமொழித் தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாஷிங்டன் மின்னஞ்சலிலும் ஏற்கும். டெக்சாஸில், ராணுவத்தில் இல்லாத சாதாரணக் குடிமக்களுக்குத் தாள்தான். வெளிநாட்டிலிருந்து வருவது தேர்தல் முடிந்து ஐந்தாம் நாளுக்குள் சேர வேண்டும். ஜெமினி மேம்பாலத்தடியில் உள்ள துணைத் தூதரகத்தில் கொடுத்தால் அவர்கள் பையில் போகும், ஆனால் அது வாரக்கணக்கில் ஆகும். அக்டோபர் பாதி தாண்டினால் கூரியரில் அனுப்புங்கள், ரசீதை வைத்திருங்கள். அதற்குள் வாக்குச்சீட்டே வரவில்லையென்றால் எஃப்டபிள்யூஏபி என்ற வெற்று வாக்குச்சீட்டை இணையத்திலிருந்து எடுத்து, வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி அனுப்பலாம். அசல் பிறகு வந்து சேர்ந்தால் அதையும் நிரப்பி அனுப்புங்கள், இரண்டில் ஒன்றைத்தான் எண்ணுவார்கள். அனுப்பிய பிறகு கவுண்டிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உறை வந்ததா, கையெழுத்து ஏற்கப்பட்டதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வந்துவிட்டது என்று மட்டும் பதில் வந்தால், இரண்டாவது கேள்வியை மறுபடி கேளுங்கள்.